அடிமனை வாடகையில் ஒரு வீடு

ஃபுளோரிடாவில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் 68 வயது அம்மையார் ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தைத் தருகிறேன்.

கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவர் வழியாக வரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகை (அமெரிக்க அரசின் ஓய்வூதியம்) மாதம் 1,720 டாலர். கையிருப்பு 61,000 டாலர். டாம்பாவில் மகன் வீட்டில் தனி அறை இருந்தாலும், தன் அடுப்பு, தன் வாசல் என்று இருக்கவே மனம் விரும்புகிறது. லேக்லேண்ட் அருகே, 55 வயதைக் கடந்தவர்களுக்கான மொபைல் ஹோம் பார்க் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்திய வீடுகளின் குடியிருப்பு) ஒன்றுக்குத் தோழி ஒருவர் கடந்த பிப்ரவரியில் அழைத்துப் போயிருக்கிறார். ஏறக்குறைய 90 வீடுகள். 1970களில் ஒருவர் தொடங்கிய அந்த இடத்தை, அவர் மறைந்தபின் மகளும் மருமகனும் நடத்துகிறார்கள். மற்ற இரண்டு மகன்கள் வெளிமாநிலத்தில் இருக்கிறார்கள். 1984இல் செய்யப்பட்ட ‘டபுள்-வைடு’ வீடு ஒன்று அங்கே 42,000 டாலருக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு அடியில் உள்ள இடத்துக்கு மாதம் 560 டாலர் வாடகை. “வருஷத்துக்கு இருபது டாலருக்கு மேல் நாங்கள் ஏற்றியதில்லை, எங்கள் காலம் வரைக்கும் இதை விற்கவும் மாட்டோம்” என்று அந்த மகள் கையைப் பிடித்துச் சொன்னாராம்.

மகனுக்கு இதில் விருப்பமில்லை. “ட்ரெய்லர் பார்க்கில் அம்மாவைக் குடிவைத்தேன் என்று நாலு பேர் பேசுவார்கள்” என்கிறார். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தன் பெயரில் வாங்கவேண்டும் என்றும் சொல்கிறார். கும்பகோணத்திலிருக்கும் தங்கை ஆண்டுதோறும் வந்து ஆறு மாதம் உடன் தங்குவது வழக்கம். நியூ ஜெர்சியிலிருக்கும் மகளின் மகள், 19 வயதுப் பெண், லேக்லேண்டில் கல்லூரியில் சேரப்போகிறாள். அவளும் பாட்டியோடு இருந்துகொள்ளலாம் என்பது திட்டம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “சொந்த வீடு என்று ஆகிவிட்டால் யாரும் கிளப்ப முடியாதல்லவா? அப்படியே தகராறு வந்தாலும் சக்கரம் வைத்த வீடுதானே, இழுத்துக்கொண்டு போய்விடலாம். கடற்கரை இல்லாத ஊர் என்பதால் புயல் பயமும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.” மாத முடிவுக்குள் 2,000 டாலர் முன்பணம் கேட்கிறார் விற்பவர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

தனியாக, தன் கைச்சமையலோடு, சம வயதினர் நடுவே இருக்கவேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மகன் சொல்லும் மானப் பிரச்சினையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஃபுளோரிடாவில் முதியவர்கள் இப்படி வாழ்வது நூறாண்டுப் பழக்கம். 1919இல் டாம்பாவின் டிசோட்டோ பூங்காவில் கார்களோடு வந்து கூடாரம் அடித்த ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ கூட்டத்திலிருந்து அது தொடங்குகிறது. பிராடென்டன் ஊரில் 1936இல் தொடங்கிய ட்ரெய்லர் பார்க், பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஓய்வு பெற்றவர்களை நம்பியே வளர்ந்தது. வாழ்நாள் முழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் தச்சர்களும் குடியிருக்கும் இடங்கள் இவை. உங்கள் மகன் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. இனி எழுதப்போவதை அவரும் படிப்பது நல்லது.

மண் யாருடையது?

கும்பகோணத்துக்காரர் என்பதால் உங்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். நம் ஊர்களில் கோயிலுக்குச் சொந்தமான மனையில் வீடு கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை செலுத்தி வருபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கல்லும் ஓடும் அவர்களுடையவை, மண் சுவாமியுடையது. வாடகை கூடும்போதும், மனை குறித்து வழக்கு வரும்போதும், வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு எவ்வளவு உரிமையாளராக இருந்தாலும் கைகட்டித்தான் நிற்கவேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்கப்போவதும் அத்தகைய வீடுதான். மாதம் 560 டாலர் என்பது அடிமனை வாடகை. அதைச் செலுத்தத் தவறி, எழுத்து மூலம் கேட்ட பிறகும் ஐந்து நாளுக்குள் கட்டவில்லை என்றால், வெளியேற்ற வழக்குத் தொடர உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே “சொந்த வீடு என்றால் யாரும் கிளப்ப முடியாது” என்பது பாதி உண்மை. காரணமில்லாமல் கிளப்ப முடியாது. ஃபுளோரிடா சட்டங்களின் 723ஆம் அத்தியாயம் வெளியேற்றத்துக்கான காரணங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறது. வாடகை பாக்கி, பார்க்கின் விதிகளை மீறுதல், சட்டக் குற்றத்தில் தண்டிக்கப்படுதல், அந்த நிலத்தையே வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதில் உங்கள் தவறு எதுவும் இருக்கவேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வீட்டுக்குப் பத்திரப் பதிவு கிடையாது. காருக்கு இருப்பதுபோல மாநில நெடுஞ்சாலைப் பாதுகாப்பு, மோட்டார் வாகனத் துறை வழங்கும் ‘டைட்டில்’தான் உரிமைச் சான்று. டபுள்-வைடு என்பது இரண்டு பாதிகளைப் பக்கவாட்டில் இணைத்த வீடு என்பதால் டைட்டிலும் இரண்டு இருக்கும். ஒன்றைக் காட்டி விற்றுவிட்டு, மற்றது எங்கேயோ கடனில் அடமானமாகக் கிடக்கும் கதைகளை நான் கண்டிருக்கிறேன். இரண்டு டைட்டிலிலும் அடமானக் குறிப்பு ஏதும் இல்லை என்பதைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வரி அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே பணம் கைமாறவேண்டும்.

வரியைப் பொறுத்து ஒரு நுட்பம் உண்டு. மனை உங்களுடையதாக இல்லாததால், சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் ‘ஹோம்ஸ்டெட்’ சொத்து வரிச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது; வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒட்டும் வில்லைக்கான கட்டணம் மட்டும் கட்டுவீர்கள். ஆனால் கடன்காரர்களிடமிருந்து வீட்டைக் காக்கும் பாதுகாப்பு வேறு. குத்தகை நிலத்தில் நிற்கும் மொபைல் ஹோமில் அதன் உரிமையாளரே குடியிருந்தால், அதை ஜப்தி செய்து விற்க முடியாது என்று 222ஆம் அத்தியாயம் சொல்கிறது. ‘உரிமையாளரே குடியிருந்தால்’ என்ற சொற்களுக்குப் பிறகு வருகிறேன்.

இழுத்துக்கொண்டு போவதைப் பற்றி: பெயரில்தான் ‘மொபைல்’ இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து ஒருமுறை வந்து இறங்கிய பிறகு அந்த வீடுகளில் பெரும்பாலானவை மறுபடி நகர்வதே இல்லை. நாற்பது ஆண்டு நின்ற டபுள்-வைடை நகர்த்த வேண்டுமானால் அதை நடுவில் பிரித்து, தாழ்வாரத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் கழற்றி, இரண்டு வண்டிகளில் ஏற்றி, அனுமதிகள் வாங்கி, புதிய இடத்தில் இறக்கி, தரையோடு கட்ட வேண்டும். செலவு பல ஆயிரம் டாலர் ஆகும். அதைவிடப் பெரிய தடை, இவ்வளவு பழைய வீட்டை உள்ளே விட மற்ற பார்க்குகள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. இடத்தை விட்டுப் போகவேண்டி வந்தால் வீட்டையும் விட்டுப் போகவேண்டி வரலாம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

கையைப் பிடித்துச் சொன்ன வாக்கு

அந்த அம்மாள் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. குடும்பமாக நடத்தும் பார்க்குகளில் வாடகை மெதுவாக ஏறுவதும், குழாய் உடைந்தால் உரிமையாளரே ஸ்பேனரோடு வந்து நிற்பதும் நிஜம். பெரிய நிறுவனங்களின் கைக்குப் போன இடங்களில் இந்த நெருக்கம் இருப்பதில்லை. ஆனால் அவருடைய வாக்கு அவரோடு இருக்கிறது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது எழுத்துதான்.

எழுத்து என்று நான் சொல்வது முதலில் ‘ப்ராஸ்பெக்டஸ்’ என்ற ஆவணத்தை. 26 மனைகளும் அதற்கு மேலும் உள்ள பார்க்குகள் இதைக் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். எத்தனை மனைகள், தண்ணீரும் கழிவுநீரும் யார் பொறுப்பு, என்னென்ன பொது வசதிகள், நிலத்தின் வகைப்பாடு என்ன, வாடகை எந்தெந்தக் காரணங்களுக்காக எவ்வாறு உயரும், பார்க்கின் விதிகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை உங்களிடம் தரவேண்டும். தராமல் கையெழுத்து வாங்கியிருந்தால், அது கைக்கு வந்த 15 நாள் வரை ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. எண்பது, நூறு பக்கம் இருக்கலாம். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாடகை உயர்வு பற்றிய பகுதியை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள்.

அதில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: ‘பாஸ்-த்ரூ’. அரசு அமைப்புகள் விதிக்கும் சில செலவுகளை உரிமையாளர் குடியிருப்போர் தலையில் பகிர்ந்து போட அது அனுமதிக்கும். நிலவரியையும் அப்படியே பகிர்ந்துகொள்ள ப்ராஸ்பெக்டஸில் இடமிருக்கலாம். ஃபுளோரிடாவில் இத்தகைய நிலங்களின் வரி மதிப்பு ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. நிலம் கைமாறும்போது அந்த வரம்பு கலைந்து, சந்தை விலைக்கு மறுமதிப்பீடு ஆகும். எனவே நீண்ட காலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பார்க்கு விலை போனால், மனை வாடகையோடு வரிச்சுமையும் சேர்ந்து ஏறக்கூடும்.

மனை வாடகைக்கு ஃபுளோரிடாவில் சட்டப்படி உச்சவரம்பு இல்லை. அதனால் சட்டமே இல்லை என்று பொருளல்ல. ஒப்பந்தக் காலம் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. நடுவில் வாடகையை ஏற்றமுடியாது. ஏற்றவேண்டுமானால் 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்கவேண்டும். விதிகளை மாற்றவும், வசதிகளைக் குறைக்கவும் அதே 90 நாள்தான். குடியிருப்போர் ஐந்து பேருக்கு மிகாத குழு அமைத்து உரிமையாளரோடு உட்கார்ந்து பேசவும், உயர்வு நியாயமற்றது என்று பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் எழுதிக் கொடுத்தால் மாநிலத் துறையிடம் சமரசப் பேச்சு கேட்கவும் வழி இருக்கிறது. தனி ஆளாக ஒருவர் எதிர்க்க இதில் அதிகம் இல்லை, கூட்டாகத்தான் பலம்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். இன்றைய 560 டாலர் உங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 20 டாலர் என்ற அவர் வாக்கு அப்படியே நின்றால், உங்களுக்கு 78 வயதாகும்போது 760 டாலர். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் 912 டாலர். சோஷியல் செக்யூரிட்டி விலைவாசிக்கேற்ப உயரும், 2024இல் 3.2 விழுக்காடும் 2025இல் 2.5 விழுக்காடும் உயர்ந்தது. வாடகை அதைவிட வேகமாக ஓடும் ஒவ்வோர் ஆண்டும் வித்தியாசம் உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும். 42,000 கொடுத்தபின் சேமிப்பில் 19,000தான் மிஞ்சுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அந்த அம்மாளிடம் போய், “நீங்கள் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, ஆண்டுக்கு 20 டாலர், அல்லது விலைவாசிக் குறியீட்டுக்கு மிகாமல் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது நிலத்தை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதையும் மனத்தில் வையுங்கள். நல்லவரிடம் எழுதிக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவர் தயங்கினால், அந்தத் தயக்கம் உங்களுக்கு ஒரு தகவல்.

அந்தக் குடும்பம் விற்றால்

தொடங்கியவர் இறந்துவிட்டார், மூன்று வாரிசுகள், இருவர் வெளியூரில். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி இதுதான். நடத்துவது மகளாக இருந்தாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்துப் பதிவை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். அறக்கட்டளை பெயரிலா, கம்பெனி பெயரிலா, மூவர் பெயரிலுமா என்று உங்கள் மகனிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூவர் பெயரில் இருந்தால், ‘எங்கள் காலம் வரைக்கும் விற்கமாட்டோம்’ என்று ஒருவர் மட்டும் வாக்குத் தர முடியாது.

பார்க்கை விற்பனைக்கு அறிவித்தால், குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமையாளர் விலையையும் நிபந்தனைகளையும் தெரிவிக்கவேண்டும். அதே விலைக்கு வாங்கிக்கொள்ளச் சங்கத்துக்கு 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் சங்கம் சட்டப்படி அமைந்திருந்தால்தான் இந்த உரிமை. வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதித்திருக்கவேண்டும். 90 வீட்டில் 60 பேர். குடும்பம் நடத்தும் இடங்களில் ‘இவர்கள் இருக்கும்போது சங்கம் எதற்கு’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். விற்பனை அறிவிப்பு வந்தபிறகு 45 நாளில் 60 கையெழுத்தும் வங்கிக் கடனும் திரட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. மேலும் இந்த விதியில் குடும்பத்துக்கு விலக்கு இருக்கிறது: வாரிசு முறைப்படி உரியவர்களுக்கு விற்பதும், தானமாகவோ உயிலாலோ மாற்றுவதும் இதில் அடங்கா. அந்த மகள் தன் சகோதரர்களுக்குக் கொடுத்தால் உங்களுக்குத் தகவல்கூட வரவேண்டியதில்லை.

நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதானால் ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும். வீட்டை நகர்த்த, அல்லது விட்டுச்செல்ல, மாநில அளவில் ஓர் இடமாற்ற நிதி உதவித்தொகை தருகிறது. வீட்டின் முழு மதிப்பை அது ஈடுகட்டாது. குடியிருப்போர் போய்த் தங்கப் போதுமான வேறு பார்க்குகளோ தகுந்த இடங்களோ இருக்கின்றனவா என்று பார்க்காமல் நில வகைப்பாட்டை மாற்ற உள்ளாட்சி அனுமதிக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. லேக்லேண்ட், டாம்பாவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் அமைந்த ஊர். அங்கே நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போவதை மகன் உங்களுக்கு விளக்கமாகச் சொல்வார்.

தங்கை, பேத்தி, பிறகு வாரிசு

‘55+’ என்றால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் 55 ஆகியிருக்கவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1995ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கேட்பது, குடியிருப்புள்ள வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில், வீட்டுக்கு ஒருவராவது 55 வயதுடையவராக இருக்கவேண்டும் என்பதையே. உங்கள் வீட்டில் நீங்கள் இருப்பதால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். பேத்தி உடனிருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியது பார்க்கின் விதி. இரண்டாம் நபருக்கு 40 என்றும் 45 என்றும் வயது வைத்திருக்கும் இடங்கள் உண்டு. விதி எப்படியிருக்கிறது என்பதைப் படித்து, பேத்திக்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

தங்கை விஷயத்தில் எண்ணிக்கை இன்னும் கறார். ஃபுளோரிடாச் சட்டப்படி ‘விருந்தினர்’ என்பவர் தொடர்ந்து 15 நாளுக்கும், ஆண்டில் மொத்தம் 30 நாளுக்கும் மேல் தங்காதவர். அதற்கு மேல் தங்க உரிமையாளரின் அனுமதி வேண்டும், அல்லது பார்க்கின் விதியே அதற்கு இடம் தரவேண்டும். விசா ஆறு மாதம் தருகிறது என்பதால் பார்க்கு நிர்வாகமும் ஆறு மாதம் தரும் என்று எண்ணி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். குடும்பம் நடத்தும் இடத்தில் ‘வரட்டும், இருக்கட்டும்’ என்று வாயால் சொல்லிவிடுவார்கள். இதையும் எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்குப் பிறகு வீடு பிள்ளைகளுக்கு வரும். அங்கே குடியிருக்கும் உரிமை தானாக வராது. 55 வயதாகாத மகனோ மகளோ தகுதியான ஒருவருக்கு அதை விற்கவேண்டியிருக்கும்; விலைபோகும் வரை மாதாமாதம் மனை வாடகையும் கட்டவேண்டும். வாங்குபவரை ஏற்கலாமா என்று பரிசீலிக்கும் உரிமை பார்க்குக்கு உண்டு. தங்கள் வழியாக மட்டுமே விற்கவேண்டும் என்று வற்புறுத்தும் உரிமை இல்லை.

1984இல் செய்த வீடு

தொழிற்சாலையில் செய்யும் வீடுகளுக்கான கூட்டாட்சித் தர விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த வகையில் உங்கள் வீடு தேறிவிடுகிறது. வெளிச்சுவரில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு சிவப்பு உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 1992இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃபுளோரிடாவின் மொபைல் ஹோம்களைச் சிதறடித்த பிறகு, காற்றைத் தாங்கும் விதிகள் 1994இல் கடுமையாக்கப்பட்டன. உங்கள் வீடு அதற்குப் பத்தாண்டு முந்தையது. கடற்கரை இல்லாவிட்டால் புயல் இல்லை என்பதை லேக்லேண்ட் அமைந்த போல்க் கவுண்டியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்: 2004இல் சார்லி, ஃப்ரான்சிஸ், ஜீன் மூன்றும் ஒரே பருவத்தில் அந்தக் கவுண்டியைக் கடந்துபோயின. மொபைல் ஹோமில் இருப்பவர்கள் எந்த மண்டலமானாலும் வெளியேறவேண்டும் என்றே புயல் காலத்தில் உத்தரவு வருவது வழக்கம். நீங்கள் தப்பிப்போக எண்ணும் மகன் வீடு டாம்பாவில் எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது? அது கடலேறும் பகுதியாக இருந்தால் இருவரும் மூன்றாவது இடம் தேடவேண்டியிருக்கும்.

தகுதியுள்ள ஆய்வாளர் ஒருவரை வைத்து, தரையோடு கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளையும் நங்கூரங்களையும், தரை எங்காவது மெத்தென்று அமுங்குகிறதா என்பதையும், கூரையையும், பின்னால் சேர்த்துக் கட்டிய கொட்டகையையும் பார்க்கச் சொல்லுங்கள். புயலில் முதலில் பறப்பது அந்தக் கொட்டகைதான். பறக்கும்போது கூரையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்து வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பது சாதாரணம். அது விரிசல் விடும், காப்பீட்டு நிறுவனங்கள் அதைக் கண்டாலே முகம் சுளிக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்குங்கள். நாற்பது வயதான வீட்டுக்குக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் மறுக்கும். தருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது உங்கள் மாதக் கணக்கையே மாற்றிவிடக்கூடும்.

யார் பெயரில்?

உங்கள் பெயரில். மகன் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் டைட்டில் அவர் பெயரில் இருந்து நீங்கள் குடியிருந்தால், நான் மேலே குறிப்பிட்ட ‘உரிமையாளரே குடியிருந்தால்’ என்ற பாதுகாப்புக்கு இடமில்லாமல் போகும். அவருக்குக் கடன் தொல்லையோ குடும்ப வழக்கோ வந்தால் உங்கள் கூரை அதில் சிக்கும். பார்க்கு நிர்வாகமும், உரிமையாளர் வேறு குடியிருப்பவர் வேறு என்பதை உள்வாடகையாகக் கருதித் தடுக்கலாம். இரண்டு பெயரையும் போடுவதானால் ஒரு சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ஃபுளோரிடா டைட்டிலில் பெயர்களுக்கு இடையில் ‘அல்லது’ என்ற பொருளுடைய சொல் இருந்தால் இருவரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வீட்டை விற்றுவிடலாம். ‘மற்றும்’ என்று இருந்தால் இருவரும் கையெழுத்திடவேண்டும். உங்கள் பெயர் மட்டும் போதும், கூடவே ஓர் உயில் எழுதிவையுங்கள் என்பதே என் ஆலோசனை.

நோய் வந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரே வரியில் பதில்: 55+ பார்க்கு குடியிருப்பு மட்டுமே; பராமரிப்பு இல்லம் அல்ல. அதற்கு மாநில உரிமம் வேறு. அக்கம்பக்கத்தார் கஞ்சி கொண்டுவந்து தருவார்கள். மருந்து கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. உடல் நலத்துக்காக உடன் தங்கும் உதவியாளரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பது மட்டும் ஆறுதல்.

நான் என்ன செய்வேன்?

என் அம்மாவாக இருந்தால், அந்த இடம் வேண்டுமானால் இருக்கட்டும், இந்த வீடு இந்த விலைக்கு வேண்டாம் என்பேன். சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பழைய வீட்டில் முடக்கிவிட்டு, நிலம் பிறருடையதாக இருக்கும்போது, கூரையோ குளிர்சாதனமோ பழுதானால் கை நீட்ட எங்கே போவீர்கள்? 1994க்குப் பிறகு செய்த ‘சிங்கிள்-வைடு’ வீடு சின்னதாக இருந்தாலும் உங்களுக்குப் பொருத்தம். குடியிருப்போரே பங்கு வாங்கி நிலத்தையும் சொந்தமாக வைத்திருக்கும் பார்க்குகளும் ஃபுளோரிடாவில் நிறைய இருக்கின்றன. முதலில் பங்குத்தொகை கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் நிலம் உங்கள் தலைக்கு மேல் விலைபோகாது. அவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

அதற்கும் முன்னால், அந்தப் பார்க்கிலேயே ஏதாவது வீட்டை மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில். நீங்கள் பார்த்தது பிப்ரவரி. கனடாவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் பனிக்குப் பயந்து வந்தவர்கள் நிறைந்திருக்கும் மாதம் அது. பொது மண்டபத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், ஷஃபிள்போர்டு ஆடுவார்கள். ஏப்ரல் பிறந்ததும் பாதி வீடுகள் பூட்டிக்கொள்ளும். உங்கள் தெருவில் ஆகஸ்ட்டில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தால், ‘சம வயதினர் நடுவே’ என்ற உங்கள் ஆசைக்கு ஆண்டு முழுதும் இடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெளியே மோர்மிளகாய் காயப்போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு முகப்பு பற்றிய விதிகள் சில இடங்களில் கறாராக இருக்கும்.

ப்ராஸ்பெக்டஸ், இரண்டு டைட்டில்கள், ஆய்வாளர் அறிக்கை, காப்பீட்டு விலை, தங்கைக்கும் பேத்திக்குமான எழுத்து அனுமதி ஆகியவற்றோடு ஃபுளோரிடாவில் உரிமம் பெற்ற ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இந்தப் பதில் பொதுவானது, உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் தொலைபேசிச் சட்ட உதவியும் இந்த மாநிலத்தில் இருக்கிறது. மாத முடிவுக்குள் முன்பணம் வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று விற்பவர் சொன்னால், போகட்டும். இவையெல்லாம் கைக்கு வரும்வரை அந்த 2,000 டாலர் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.